நட்ட காய்கறி நாற்று வெயிலில் வாடினால், கருகினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நெல்லைச் சீமையில் பங்குனி, சித்திரையில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று நடுகிறவர்களும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக்கு நடுவே நடுகிறவர்களும் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நட்ட இரண்டு மூன்று நாளில் செடி வெயிலுக்குத் தாங்காமல் போய்விட்டது. கோடையில் பாளையங்கோட்டைப் பக்கம் வெப்பம் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவது வழக்கமாகையால், பழியை வெயில்மேல் போடுவது எளிது. ஆனால் அதே வெயிலில், அதே பாத்தியில், பக்கத்துச் செடி நிமிர்ந்து நிற்பதையும் பார்க்கிறோம். வெயில் எல்லாச் செடிக்கும் பொது. அதைத் தாங்கும் வேர் எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் அமைந்துவிடுவதில்லை. ஆகவே நிழல் கட்டுவதற்கு முன்பு நடந்திருப்பது என்ன என்று பார்த்தறிய வேண்டும். காரணம் தெரியாமல் செய்கிற வைத்தியம், குறிப்பாக மேலும் மேலும் தண்ணீர் விடுவது, பிழைக்க இருந்த செடியையும் அழுக வைத்துவிடும்.

நாற்றைப் பிடுங்கும்போது நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகளில் பெரும்பகுதி அறுந்துபோகின்றன. சிறு குழிகள் கொண்ட தட்டில் வளர்த்த குழித்தட்டு நாற்றில் இந்தச் சேதம் குறைவு என்றாலும், அது நிழல்வலைக்குள் காற்றோ நேர்வெயிலோ படாமல் வளர்ந்தது. அதன் இலையும் மெல்லியது, இலைமேல் உள்ள மெழுகுப் படலமும் மெல்லியது. அப்படிப்பட்ட செடியைத் திறந்த வெளியில் நட்டால், இலை வழியே வெளியேறும் நீரின் அளவுக்கு வேர் ஈடுகொடுக்க முடியாது. புது வேர் ஓடுவதற்கு ஐந்து முதல் பத்து நாள் வரை ஆகும். நாம் கட்டுகிற நிழல், விடுகிற தண்ணீர், மண்ணை மறைக்கப் போடுகிற மூடாக்கு எல்லாம் அந்த நாட்களைக் கடத்துவதற்காக மட்டுமே.

எந்தச் செடியையும் சோதிக்கும்போது நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடுவது பகலில் எந்த நேரத்தில். சேதம் செடியின் எந்தப் பக்கத்தில். நடுக்குருத்தும் புது இலையும் எப்படி இருக்கின்றன. பாத்தி முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறதா. வெயிலும் காற்றும் செய்கிற சேதம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில், எல்லாச் செடியிலும் ஒரே சீராகத் தெரியும். நோயும் பூச்சியும் திட்டுத்திட்டாகத் தொடங்கும். இவற்றோடு, மோசமாக இருக்கும் ஒரு செடியைத் தயங்காமல் வேரோடு தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு செடியை இழந்து பாத்தியைக் காப்பது நட்டமாகாது.

நண்பகலில் வாடுகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

இது நோயன்று. நட்ட முதல் வாரத்தில் காலை பதினொரு மணிக்குமேல் இலை தொங்குவதும், வெயில் தாழ்ந்தபின் நிமிர்வதும், நீரிழப்பைக் குறைக்கச் செடி தானே செய்துகொள்கிற ஏற்பாடு. மதியம் பார்த்துப் பதறித் தண்ணீர் விடுவதைவிட, மறுநாள் பொழுது விடியும்போது போய்ப் பார்ப்பதே சரியான சோதனை. விடியலில் இலை விறைப்பாக இருந்தால் வேர் வேலை செய்கிறது என்று பொருள்.

அப்போது செய்ய வேண்டியது, மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டு ஈரம் பார்ப்பது. ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். பகல் பத்து மணி முதல் மாலை நான்கு, ஐந்து மணி வரை இலேசான நிழல் போதும். ஈரம் இல்லாவிட்டால் மாலையிலோ அதிகாலையிலோ வேர் நனையும்படி விட வேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் என்கிற பழைய வழக்கம் செம்மண்ணுக்கும் வண்டலுக்கும் பொருந்தும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணலில் நீர் நிற்காது; அங்கே முதல் வாரம் நாள்தோறும் சிறிது சிறிதாக விட வேண்டும். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும் கீழே ஈரம் இருக்கும். கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டிய மண் அது.

உச்சிவெயிலில் இலைமேல் தண்ணீர் பட்டால் நீர்த்துளி வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, வழவழப்பான இலைகளில் அப்படி நேர்வதில்லை என்று கண்டார்கள். நம் வயலில் உண்மையான ஆபத்து வேறு: வெயிலில் கிடந்த கறுப்புக் குழாய்க்குள் தங்கிய தண்ணீர் கை சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும், அதை அப்படியே இளஞ்செடியின் அடியில் விட்டால் வேரும் தண்டும் வெந்துபோகும். குழாயில் வரும் முதல் தண்ணீரை வரப்போரம் விட்டு, குளிர்ந்தபின் பாத்திக்குத் திருப்புங்கள்.

விடியலிலும் வாடியே இருக்கிறது

இங்கே நிழல் மட்டும் உதவாது. செடியைத் தோண்டிப் பாருங்கள்.

குழித்தட்டு நாற்றானால், வேரைச் சுற்றியுள்ள தென்னை நார்க்கழிவுக் கட்டியை நசுக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மண் ஈரமாக இருந்தும் கட்டி மட்டும் உலர்ந்து கிடப்பது இந்த நாற்றுகளில் அடிக்கடி காணும் குறை. நார்க்கழிவு பொரபொரப்பானது; நெருக்கமான துகள்கள் கொண்ட மண் அதிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டியின் தலை மண்ணுக்கு வெளியே தெரிந்தால் காற்றும் வெயிலும் அதை இன்னும் வேகமாக உலர்த்தும். ஆகவே நடுவதற்குச் சற்று முன் தட்டோடு தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, கட்டியின் தலைமேல் அரை அங்குலம் மண் மூடும்படி நட்டு, விரலால் சுற்றிலும் அழுத்திவிட வேண்டும். ஏற்கெனவே நட்டுவிட்ட செடிக்கு, பூவாளியால் தண்டின் அடியிலேயே மெதுவாக இரண்டு மூன்று முறை விட்டு, கட்டி நனைந்ததை உறுதிசெய்து, மண் அணைக்கலாம்.

வேருக்கும் மண்ணுக்கும் இடையில் காற்றுப்பை இருந்தாலும் இப்படித்தான் வாடும். கட்டிமண் உடையாமல் நட்ட கரிசல் பாத்தியில் இதைக் காணலாம். வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால், அது நீர் மிகுந்த அழுகல். தண்ணீரை நிறுத்தி, பாத்தியின் வடிகாலைத் திறந்துவிடுங்கள். வேர் அரிக்கப்பட்டோ அறுந்தோ இருந்தால் செம்மண்ணில் கரையானையும், தொழுவுரம் மக்காமல் போட்ட இடத்தில் வெள்ளைப் புழுவையும் தேடுங்கள். தண்டு தரையோடு கத்தரித்தாற்போல் விழுந்திருந்தால் வெட்டுப்புழு. பகலில் செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும்.

மேல் இலைகளில் வெளுத்த, காகிதம் போன்ற திட்டுகள்

உண்மையான வெயில் கருகல் இதுதான். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி முதலில் சாம்பல் பூத்தாற்போல மங்கி, ஓரிரு நாளில் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ காய்ந்து, தொட்டால் காகிதம்போல் நொறுங்கும். வெயில் நேராகப் படும் இலைகளில், பெரும்பாலும் மேற்குப் பக்கத்தில் இருக்கும். மேல் இலையின் நிழலில் ஒளிந்த பகுதி பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சை எல்லைக்கோடு தெரிந்தால் காரணத்தில் ஐயமில்லை. நிழலுக்குப் பழகிய இலைக்குத் தன் அளவுக்கு மீறிய ஒளி விழும்போது பச்சையம் சிதைந்துபோவதால் இது நேர்கிறது.

வெளுத்த இலை மறுபடி பச்சையாகாது. அதற்காக மருந்து அடிப்பதும் உரம் வைப்பதும் வீண். ஆனால் அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள். மீதியுள்ள பச்சைப் பகுதி செடிக்கு இன்னும் உணவு செய்கிறது, காய்ந்த பகுதியும் கீழுள்ள இலைக்குச் சிறிது மறைப்பாகிறது. நடுக்குருத்து உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புது இலை தெளிவான பச்சையாக விரிந்தால் செடி தப்பிவிட்டது.

நிழலை எங்கே கட்டுவது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு கடைசியிலும் சூரியன் நண்பகலில் தலைக்கு நேர்மேலே வரும். இடைப்பட்ட சித்திரை முதல் ஆடி வரையிலான மாதங்களில் உச்சிவெயில் சற்று வடக்கே சாய்ந்தே இருக்கும். ஆகவே வடநாட்டுக் குறிப்புகளைப் படித்துத் தெற்குப் பக்கம் மறைப்பு வைப்பதால் அந்த மாதங்களில் நமக்குப் பயன் இல்லை. தலைக்குமேல் இலேசான மறைப்பும், மேற்கே சற்றுக் கனமான மறைப்பும் வேண்டும்; பிற்பகல் ஒன்று முதல் நான்கு மணி வரை காற்றும் மண்ணும் சேர்ந்து காய்ந்திருக்கும் நேரத்து மேற்கு வெயில்தான் இளஞ்செடியை அதிகம் கெடுக்கிறது. கிழக்கைத் திறந்துவிடுங்கள், காலை வெயில் செடிக்குத் தேவை.

நிழல்வலை கட்டுவதானால் 35 முதல் 50 சதவீத வலை போதும். 75 சதவீத வலை காய்கறி நாற்றுக்கு இருட்டு. செடிக்குமேல் இரண்டு மூன்று அடி உயரத்தில் கட்டினால் காற்று ஓடும். செடிமேல் படும்படி போர்த்தினால் வலையின் சூடு இலையிலேயே இறங்கும். வலை வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பனையோலையை இரண்டாகக் கிழித்து, மட்டைப் பக்கத்தை மேற்கே மண்ணில் ஊன்றி, தலையைச் செடிக்குமேல் சாய்த்தால் ஒரு செடிக்கு ஒரு குடை. களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் வாழைமட்டைக்கும் சருகுக்கும் பஞ்சமில்லை. ஒரு முழ மட்டையை வளைத்துக் கவிழ்த்து, கிழக்கும் மேலேயும் சிறிது திறந்திருக்கும்படி வைக்கலாம். மண்சட்டியையோ பிளாஸ்டிக் குடத்தையோ முழுதாகக் கவிழ்ப்பது மட்டும் கூடாது. உள்ளே காற்று புகாமல் செடி அவிந்துவிடும்.

என் கருத்தில் இவை எல்லாவற்றிலும் சிறந்தது வேப்பங்குழை. பச்சைக் குழையை ஒடித்து மேற்குப் பக்கத்தில் ஊன்றினால், முதல் இரண்டு நாள் அடர்ந்த நிழல் தரும். மூன்றாம் நாள் இலை வாடிச் சுருங்கும். ஐந்தாறு நாளில் இலை உதிர்ந்து வெறுங்குச்சி நிற்கும். நிழல் தானே படிப்படியாகக் குறைந்து, செடி வெயிலுக்குப் பழகிவிடுகிறது.

பெரிய பரப்பில் ஒவ்வொரு செடிக்கும் நிழல் வைக்க இயலாது. அங்கே மாலை நான்கு மணிக்குமேல் நடுவதும், மேகமூட்டமான நாளைத் தேர்வதும், நாற்றை முன்கூட்டியே பழக்குவதும்தான் வழி. கடையில் வாங்கிய குழித்தட்டை அன்றே நடாமல், வேப்பமரத்தடிப் புள்ளிநிழலில் தொடங்கி ஒரு வாரம் வரை நாள்தோறும் சிறிது சிறிதாக வெயில் கூட்டி, தண்ணீரைச் சற்றுக் குறைத்து வைத்திருந்தால் இலை தடித்துவிடும். கயோலின் என்னும் வெண்களிமண்ணை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து மாலையில் தெளித்தால், இலைமேல் படியும் வெண்மை வெயிலைத் திருப்பி இலைச் சூட்டைக் குறைக்கும். மழை பெய்தால் கரைந்துவிடும்.

திட்டுகள் வெள்ளையாக இருந்தும் வளைந்து நெளிந்த கோடுகளாகத் தெரிந்தால் அது இலைத்துளைப்பான். மருந்து அடித்த மறுநாள், துளி வழிந்து நின்ற இலைநுனியில் கருகியிருந்தால் அது மருந்துச் சூடு. வேப்பெண்ணெய்க் கரைசலை வெயிலில் அடித்தாலும் இப்படி ஆகும். நட்டு ஒரு வாரம் ஆகாத செடிக்கு எந்தத் தெளிப்பையும் அந்தி சாய்ந்தபின் மட்டுமே செய்யுங்கள்.

நிழலை எடுத்ததும் கருகியது. அல்லது நிழலிலேயே நீண்டு மெலிந்தது

இரண்டும் நிழலைத் தவறாகக் கையாண்டதன் விளைவு. பத்து நாள் முழு நிழலில் வைத்து ஒரே நாளில் எடுத்தால், நட்ட அன்றைய நிலைக்கே செடி திரும்புகிறது. கணு இடைவெளி நீண்டு, தண்டு வெளுத்து, செடி கிழக்கே சாய்ந்தால் நிழல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. முதல் மூன்று நாள் பத்து மணிக்கு மூடி ஐந்து மணிக்கு எடுப்பது, அடுத்த மூன்று நாள் பன்னிரண்டு முதல் நான்கு வரை மட்டும் மூடுவது, பிறகு மேற்கு மறைப்பை மட்டும் விட்டுவைப்பது என்று இறக்கினால் பத்தாம் நாளுக்குள் முழுவெயிலுக்கு வந்துவிடும். கடைசி மறைப்பைக் காலையில் எடுக்காமல் மாலையில் எடுங்கள்.

இலையின் ஓரமும் நுனியும் மட்டும் கருகுகின்றன

மேற்குப் பக்க ஓரங்கள் கிழிந்து, உரசிக் காய்ந்திருந்தால் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்று, குற்றாலத்தில் சாரலாக இறங்கினாலும், நாங்குநேரி, இராதாபுரம் சமவெளிக்கு வரும்போது ஈரம் இழந்த வறண்ட காற்றாகவே வருகிறது. அந்த மாதங்களில் நடுகிறவர்கள் நடவுக்கு ஒரு மாதம் முன்பே மேற்கு வரப்பையொட்டிச் சோளமோ மக்காச்சோளமோ இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக விதைத்துவிடுவது நல்லது. பிந்திவிட்டால் பனையோலைத் தட்டி.

அடி இலைகளின் ஓரத்தில் தொடங்கி, மண்மேல் வெண்பூப்பும் தெரிந்தால் உப்பு. கடலோர ஊர்களின் கிணற்று நீரில் இது சாதாரணம். சிறிது சிறிதாக விடும் உப்புநீர் மேல்மண்ணிலேயே உப்பைச் சேர்க்கும். நாள் இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். சொட்டுநீரில் ஈரவட்டத்தின் விளிம்பில்தான் உப்பு ஒதுங்குமாகையால், செடி சொட்டுவாய்க்கு அருகில் இருக்க வேண்டும். யூரியாவைத் தண்டோடு ஒட்டி வைத்தாலும், மக்காத கோழி எருவைக் குழியில் போட்டாலும் இதே கருகல் வரும். புது இலை வரும்வரை மேலுரம் எதுவும் வேண்டாம்.

தண்டு மண் மட்டத்தில் சுருங்கி, செடி மடிந்து விழுகிறது

இரண்டு வெவ்வேறு கேடுகள் இங்கே ஒரே தோற்றத்தில் வருகின்றன. மூடாக்கில்லாத வெற்றுமண்ணின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. மண்ணைத் தொடும் இளந்தண்டு அந்தச் சூட்டில் வெந்து, வெளிர்நிறமாக, உலர்ந்து இடுங்கும். தோண்டினால் கீழே வேர் வெள்ளையாக, நலமாக இருக்கும். நாற்றழுகலில் தண்டு நீர்கோத்து, கறுத்து, குழைந்து, வேரும் பழுப்பேறியிருக்கும். முன்னதற்கு வைக்கோல், சருகு, சோளத்தட்டை எதையாவது மூடாக்காக இரண்டங்குலம் போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் இரண்டங்குல இடம் விட வேண்டும். கரையான் உள்ள செம்மண்ணில் மூடாக்கை மெல்லியதாகப் போட்டு அடிக்கடி புரட்டிப் பாருங்கள். பின்னதற்குத் தண்ணீரைக் குறைத்து, காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்ற வேண்டும். நாற்றழுகலுக்கு மூடாக்கு போட்டால் ஈரம் கூடி நோய் பரவும் என்பதால், வேரைப் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

பிளாஸ்டிக் நிலப்போர்வை விரித்தவர்கள் துளையைக் கவனிக்க வேண்டும். துளை சிறிதாக இருந்தால், போர்வைக்கு அடியில் சூடேறிய காற்று முழுவதும் அந்த ஒரே வழியாகத் தண்டை உரசி வெளியேறுகிறது. துளையைச் சற்றுப் பெரிதாக வெட்டி, விளிம்பின்மேல் ஒரு கைப்பிடி மண் போட்டு, வெள்ளிநிறப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்தால் இந்தச் சேதம் வராது.

இலைகள் சுருள்கின்றன

தக்காளியில் அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் அது வெப்பத்துக்கும் வறட்சிக்கும் செடி காட்டும் பதில். ஈரத்தைச் சீராக்கினால் போதும். நுனி இலைகள் சிறுத்து, மஞ்சளித்து, நெளிந்தால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி. அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனையும் இலையின் அடிப்புறத்தில் தேடுங்கள்.

மாடித் தொட்டியில் மண் ஈரமாக இருந்தும் வாடுகிறது

மொட்டைமாடியில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தளத்திலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் வருகிறது. கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தைப் பிற்பகலில் தொட்டுப் பாருங்கள்; கை பொறுக்காவிட்டால் உள்ளே அந்தப் பக்கத்து வேரும் பொறுக்காது. பைகளைச் செங்கல்மேல் ஏற்றி, ஒன்றோடொன்று நெருக்கி, மேற்கு வரிசைக்கு வெளியே சணல்சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தால் வேர்ச்சூடு தணியும். தண்ணீர் கூட்டுவது இதற்கு மாற்றாகாது.

பாடுவாசி (பட்டுப்போன செடிக்கு மாற்று நடவு) எப்போது

நடுக்குருத்து காய்ந்து, தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியாத செடியை மாற்றிவிடலாம். கத்தரியிலும் மிளகாயிலும் குருத்து போனாலும் தண்டு பச்சையாக இருந்தால் பக்கக்கணுவில் துளிர்க்க வாய்ப்புண்டு. ஒரு வாரம் பொறுக்கலாம். நடவின்போதே நூற்றுக்குப் பத்து நாற்றை ஓரமாக நட்டு வைத்திருந்தால், ஏழு முதல் பத்து நாளுக்குள் இடைவெளியை நிரப்பிவிடலாம். அதற்குப் பிந்தினால் வயதில் மூத்த செடிகளுக்கிடையில் அது எழும்பாது. மாற்றி நட்ட நாற்றுக்கு அன்றே ஒரு வேப்பங்குழையை மேற்கே ஊன்றிவிடுங்கள். சுற்றியுள்ள செடிகள் அப்போது வெயிலுக்குப் பழகியிருப்பதால், இதற்கும் நிழல் வேண்டும் என்பது எளிதில் மறந்துபோகும்.